ஒரே கரைசல், 4 தளங்கள்: குலசேகரத்திலும் குளச்சலிலும் கிராஃபீன் ஈரப்பதப் பட்டைகள்

கார்பன் அணுக்களின் ஒற்றைத் தாளான கிராஃபீனில் ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டியிருப்பது கிராஃபீன் ஆக்சைடு. அதன் கரைசலை ஒரே குடுவையிலிருந்து எடுத்து, கண்ணாடி, பாலியெஸ்டர் ஷீட், வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கான பாலிஇமைடு ஷீட், வடிதாள் ஆகிய 4 தளங்களில் பூசி உலர்த்தினால் கிடைக்கும் பட்டைகள், ஒரே அறையில் ஒரே ஆணியில் தொங்கினாலும் ஈரப்பதத்துக்கு ஒரே மாதிரி பதில் தருவதில்லை. சில வேளைகளில் அவை எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. நாகர்கோவிலில் நான் பணியாற்றும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முதுநிலை மாணவர்கள் செய்த இத்தகைய பட்டைகளைக் குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கிட்டங்கியிலும், குளச்சலில் கடலோரமாக வலை வைக்கும் அறை ஒன்றிலும் தொங்கவிட்டுக் கண்டவற்றையும், அவற்றுக்கான காரணங்களையும் இங்கே பதிவு செய்கிறேன். படலத்தையும் அதைத் தாங்கும் தளத்தையும் சேர்த்து ஒரே பொருளாகக் கொண்டு அளவுத்திருத்தம் (அறிந்த ஈரப்பதங்களோடு ஒப்பிட்டு எண்ணைச் சரிபார்ப்பது) செய்யாத வரை, இத்தகைய உணரி காட்டும் எண்ணை நம்பி யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது இந்த ஆய்வின் வழியாக எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

இடமும் தேவையும்

குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழைகளையும் பெறுவது. குலசேகரம், அருமனை, கீரிப்பாறை வட்டாரங்களில் ரப்பர் பாலை ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகை போட்டு உலர்த்தி ஷீட்டாக அடுக்குகிறார்கள். சரியாக உலராத ஷீட்டை அடுக்கினாலும், உலர்ந்த ஷீட்டை ஈரக் காற்றில் நெடுநாள் போட்டுவைத்தாலும் பூசணம் பிடிக்கிறது. பூசணம் பிடித்த ஷீட் தரத்தில் இறங்குகிறது, விலையும் கூடவே இறங்குகிறது. கிட்டங்கியின் வாசலில் ஓர் ஈரப்பதமானி இருந்தால் மட்டும் போதாது. அடுக்கின் நடுவிலும் சுவரோரத்திலும் தரைக்கு அருகிலும் ஈரம் வெவ்வேறாக இருக்கும் என்பதால், பல இடங்களில் செருகி வைக்கத்தக்க மெல்லிய, மலிவான பட்டைகள் இருந்தால் நன்மை என்ற எண்ணத்திலிருந்தே இந்த வேலை தொடங்கியது. குளச்சல் அறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. அங்கே ஈரத்தோடு கடற்காற்று கொண்டுவரும் உப்பும் சேர்கிறது. ஈரத்தின் விளைவையும் உப்பின் விளைவையும் பிரித்துப் பார்க்க அப்படி ஓர் இடம் வேண்டியிருந்தது.

பட்டைகள் செய்யப்பட்ட விதம்

கிராஃபைட்டை வலிய அமிலத்திலும் பெர்மாங்கனேட்டிலும் ஆக்சிஜனேற்றம் செய்து கிராஃபீன் ஆக்சைடு பெறும் முறை, ஹம்மர்ஸ், ஆஃப்மன் இருவரும் 1958இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது. கிடைத்த கரைசலை அஸ்கார்பிக் அமிலத்தால், அதாவது வைட்டமின் சி-யால், அதிலுள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதியை மட்டும் நீக்கி ஒடுக்கினோம். ஒடுக்குதலைச் சூட்டில் செய்யாமல் கரைசலிலேயே செய்ததற்கு ஒரு தேவை இருந்தது: கண்ணாடியும் பாலிஇமைடும் 200 பாகை செல்சியஸைத் தாங்கும், பாலியெஸ்டர் ஷீட்டோ அதற்கு வெகு முன்பே இளகிச் சுருண்டுவிடும், காகிதமும் நிறம் மாறிக் கருகத் தொடங்கும். நான்கிலும் படலம் ஒன்றாக இருந்தால்தான் வேறுபாட்டைத் தளத்தின் மேல் சுமத்த முடியும்.

பூசும்போதே தளங்கள் தங்கள் குணத்தைக் காட்டின. நன்றாகக் கழுவிய கண்ணாடியில் கரைசல் விரிந்து பரவி, உலரும்போது விளிம்பில் கறுத்த வளையம் ஒன்றை விட்டது. பாலியெஸ்டர் ஷீட்டில் அது பரவவே இல்லை; முத்து முத்தாகத் திரண்டு நின்றது. புற ஊதா விளக்கின் கீழ் ஷீட்டைச் சிறிது நேரம் வைத்து, மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகளை உண்டாக்கிய பிறகே பூச்சு நின்றது. பாலிஇமைடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வடிதாளில் விட்ட துளி இழைகளுக்குள் இறங்கித் தாளின் மறுபக்கத்திலும் கறையாகத் தெரிந்தது; அங்கே படலம் என்று ஒன்று தனியாக இல்லை, இழைகளைச் சுற்றிய பூச்சுதான் இருந்தது. மின்முனைகளை வெள்ளிப் பசையால், சீப்புப் பல் வடிவில், நான்கிலும் ஒரே அச்சை வைத்து வரைந்தோம்.

இதனோடு, ஒவ்வொரு தளத்திலும் கிராஃபீன் பூசாமல் மின்முனைகளை மட்டும் வரைந்த வெற்றுப் பட்டை ஒன்றையும் செய்து, பூசிய பட்டைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். இந்த ஆய்வில் பின்னர் தெளிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த வெற்றுப் பட்டைகளால் தெளிந்தது. ஈரப்பத உணரிகளைப் பற்றி எழுதப்படும் பல அறிக்கைகளில் இப்படி ஒரு வெற்றுப் பட்டையின் அளவீடு இருப்பதில்லை. அது இல்லாமல் தரப்படும் உணர்திறன் எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை நான் ஏற்பதில்லை.

அளவீடுகளை எல்.சி.ஆர். மீட்டரில் (மாறுதிசை மின்னோட்டத்தில் மின்தடை முதலியவற்றை அளக்கும் கருவி), சிறிய மாறுதிசை மின்னழுத்தத்தில் எடுத்தோம். சாதாரண மல்டிமீட்டரின் நேர்மின்னோட்டத்தில் இத்தகைய படலத்தை அளந்தால் எண் ஓரிடத்தில் நிற்காது. நீரில் நகரும் அயனிகள் மின்முனைகளில் போய்க் குவிவதாலும், நெடுநேரம் ஒரே திசையில் செலுத்தப்படும் மின்னோட்டம் கிராஃபீன் ஆக்சைடையே மெல்ல ஒடுக்கிவிடக் கூடும் என்பதாலும் அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

அறிந்த ஈரப்பதத்துக்கு, மூடிய பெட்டிக்குள் தெவிட்டிய உப்புக் கரைசல் வைக்கும் பழைய முறையைக் கையாண்டோம். 25 பாகை செல்சியஸில் மக்னீசியம் குளோரைடு சுமார் 33 சதவீதம், மக்னீசியம் நைட்ரேட் 53, சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் குளோரைடு 84, பொட்டாசியம் சல்ஃபேட் 97 என்று ஒப்பு ஈரப்பதத்தை நிலைநிறுத்தும். நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள புத்தளம் உப்பளத்து உப்பு கைக்கெட்டும் தொலைவில் கிடைத்தாலும் இதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அளத்து உப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருக்கும்; அவை கலந்தால் பெட்டிக்குள் ஈரப்பதம் 75இல் நிற்காமல் அதற்குக் கீழே இறங்கும். சுத்தமான சோடியம் குளோரைடே வேண்டும்.

கண்டவை

உலர்நிலை மின்தடையோடு ஒப்பிட்ட விகிதத்தையே நான்கிலும் கணக்கில் கொண்டோம். கண்ணாடிப் பட்டையின் மின்தடை ஈரம் ஏற ஏறக் குறைந்தது. 75க்கு மேல் செங்குத்தாக விழுந்தது. பாலியெஸ்டர் பட்டையும் அதே திசையில்தான் போயிற்று, ஆனால் மெல்ல, கிட்டத்தட்ட ஒரே சாய்வில். பாலிஇமைடு பட்டையில் பதில் 2 கட்டமாக வந்தது: பெட்டியை மாற்றியதும் ஒரு விரைவான நகர்வு, அதன்பின் நெடுநேரம் நீடித்த ஒரு மெதுவான நகர்வு. வடிதாள் பட்டையின் மின்தடை நடுத்தர ஈரப்பதத்தில் கூடியது. மிக உயர்ந்த ஈரப்பதத்தில்தான் திரும்பிக் கீழே இறங்கியது. ஈரத்தை இறக்கும்போது அது வந்த வழியே திரும்பவில்லை. ஏறும்போது 53இல் காட்டிய மதிப்பும் இறங்கும்போது 53இல் காட்டிய மதிப்பும் வேறாக இருந்தன. காந்தப் பொருள்களில் நாம் பாடம் நடத்தும் தயக்கக் கண்ணி போன்ற வளைவு அது.

குலசேகரத்தில், தளத்தின் பங்கு எவ்வளவு என்பதை வெளிப்படையாகக் காண்பதற்காகவே, கண்ணாடிப் பட்டைக்கு எடுத்த அளவுத்திருத்த வளைவை நான்குக்கும் ஏற்றி, 4 எண்களாகத் திரையில் காட்டச் செய்திருந்தோம். மழை விட்டு வெயில் வந்த ஒரு முற்பகலில் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் திரையைக் காட்டிக் கேட்டார்: "சாரே, கண்ணாடி மழைன்னு சொல்லுது, பேப்பரு வெயிலுன்னு சொல்லுது. நான் இதில எதைக் கேட்டு ஷீட்டை வெளிய எடுக்கது?" இந்த ஆய்வு விடை சொல்ல வேண்டிய கேள்வி அதுதான், அதைவிடத் துல்லியமாக ஆய்வகத்தில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

கிராஃபீனின் பங்கு எவ்வளவு, தளத்தின் பங்கு எவ்வளவு

ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் 2004இல் மான்செஸ்டரில் பிரித்தெடுத்துக் காட்டி, 2010இல் நோபல் பரிசு பெற்ற கிராஃபீன், அறுகோண வலையாகப் பின்னிய கார்பன் அணுக்களின் ஒற்றைத் தாள். ஒவ்வொரு கார்பனும் மூன்று அண்டைக் கார்பன்களோடு பிணைந்திருப்பதால், குறையில்லாத தாளில் நீர் மூலக்கூறு பற்றிக்கொள்ள வேதிப்பிடி ஏதும் இல்லை. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பைவிட அவை கிராஃபீனோடு கொள்ளும் பற்று வலுக் குறைந்தது. அப்படியிருந்தும், சிலிக்கான் டையாக்சைடின் மேல் வைத்த கிராஃபீனின் மின்தடை ஈரத்துக்கேற்ப மாறுவது பல ஆய்வகங்களில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது.

இந்த முரணுக்கு 2008இல் டிம் வேலிங், மிகைல் கட்ஸ்நெல்சன் உள்ளிட்டோர் குவாண்டம் கணக்கீட்டின் வழியாக ஒரு விளக்கம் தந்தனர். தனித்து நிற்கும் குறையில்லாத கிராஃபீனில் நீர் மூலக்கூறுகள் மின்சுமையை ஏற்றுவதில்லை. கீழேயுள்ள சிலிக்கான் டையாக்சைடில் இருக்கும் குறைபாடுகளின் ஆற்றல் நிலைகளை நீர் மூலக்கூறின் இருமுனை (ஒரு முனையில் நேர், மறுமுனையில் எதிர் மின்சுமை) உண்டாக்கும் மின்புலம் இடம் மாற்றுகிறது. அந்நிலைகள் கிராஃபீனிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கவோ அதற்குக் கொடுக்கவோ செய்கின்றன. ஒற்றைத் தாள் கிராஃபீனைச் சிலிக்கான் டையாக்சைடின் மேல் வைத்துச் செய்த உணரி ஒன்று 1 முதல் 96 சதவீதம் வரையிலான ஈரப்பதத்துக்குப் பதில் தருவதாகவும், ஒரு விநாடிக்குள் பதில் தந்து மீள்வதாகவும் 2015இல் வெளிவந்த ஆய்வும் இதே காரணத்தையே சொல்கிறது: நீரின் இருமுனையும் தளத்தின் மாசு நிலைகளும் ஒன்றையொன்று பாதிப்பதால்தான் உணரி உணர்கிறது. அங்கே கிராஃபீன், தளத்தில் நிகழ்வதைப் படித்துச் சொல்லும் கடத்தியாகவே வேலை செய்கிறது.

சிலிக்கான் டையாக்சைடின் மேற்பரப்பு காற்றுபட்டதும் சிலனால் என்னும் ஹைட்ராக்சில் தொகுதிகளால் நிறைந்துவிடுகிறது. நீர் அவற்றில் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டுகிறது. கிராஃபீனை வைப்பதற்கு முன்பு அந்தப் பரப்பை நீர்விலக்கும் கரிமப் படலத்தால் மூடிவிட்டாலோ, சிலனால் இல்லாத அறுகோண போரான் நைட்ரைடின் மேல் கிராஃபீனை வைத்தாலோ, தயக்கமும் தேவையற்ற மின்சுமை ஏற்றமும் வெகுவாகக் குறைகின்றன. இது பல குழுக்கள் உறுதி செய்த செய்தி. மைக்காவின் மேல் வேறொரு காட்சி கிடைத்தது: ஜேம்ஸ் ஹீத் குழுவினர் 2010இல், மைக்காவில் ஒட்டியிருந்த நீர் கிராஃபீனுக்கு அடியில் சிறைப்பட்டு, 0.37 நானோமீட்டர் உயரமுள்ள, பனிக்கட்டியை ஒத்த அடுக்காக இருப்பதை அணுவிசை நுண்ணோக்கியில் படமாக்கினர். ஆகவே நீர் எப்போதும் கிராஃபீனின் மேல்தான் உட்காரும் என்று கொள்வதற்கில்லை.

நீர்த்துளி பரவும் அளவிலும் தளம் ஊடுருவித் தெரிகிறது. தங்கம், செம்பு, சிலிக்கான் ஆகியவற்றின் மேல் கிராஃபீன் போர்த்தினாலும் துளியின் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு கொள்ளும் கோணம்) பெரிதாக மாறுவதில்லை என்றும், ஹைட்ரஜன் பிணைப்பால் நீரை ஈர்க்கும் கண்ணாடியில் மட்டும் மாறுகிறது என்றும் 2012இல் ஓர் ஆய்வு கூறியது. அதே ஆண்டில் வந்த மற்றொரு ஆய்வு, மிகுந்த நீர்நாட்டமோ மிகுந்த நீர்விலக்கமோ உள்ள பரப்புகளில் இந்த ஊடுருவல் முறிகிறது என்றது. 2013இல், காற்றில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் படிவதாலேயே கிராஃபீன் நாளடைவில் நீர்விலக்கும் தன்மை பெறுகிறது என்று காட்டப்பட்டது. இந்த விவாதம் முழுவதையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. குலசேகரத்துப் புகையைப் பற்றிப் பேசும்போது கடைசிச் செய்தி மட்டும் நமக்குத் தேவைப்படும்.

எங்கள் பட்டைகள் மேற்சொன்ன ஒற்றைத் தாள் வகை அல்ல. அவற்றில் ஆக்சிஜன் தொகுதிகள் ஓரளவு மிஞ்சியுள்ள செதில்கள் பல அடுக்காகக் கிடக்கின்றன. தளத்தின் மின்புலம் அடியிலுள்ள சில அடுக்குகளுக்குள்ளேயே மட்டுப்பட்டுவிடும். ஆகவே வேலிங் குழுவினர் சொன்ன வழி இங்கே சிறிய பங்கே வகிக்கும் என்பது என் கணிப்பு. எங்கள் பட்டைகளில் தளம் முக்கியமாக வேறு 2 வழிகளில் நுழைகிறது.

கசிவு

முதல் வழி, படலத்துக்குப் பக்கவாட்டில் தளத்தின் மேற்பரப்பு வழியாகவே ஓடும் மின்னோட்டம். சாதாரணச் சன்னல் கண்ணாடி வகையில் சோடியம் இருக்கிறது. ஈரக் காற்றில் அதன் மேற்பரப்பில் படியும் நீர்ப்படலத்தில் அந்தச் சோடியம் அயனிகள் கரைந்து மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. கண்ணாடியின் வெற்றுப் பட்டை 75க்கு மேல் காட்டிய வீழ்ச்சியைப் பார்த்தபோது, பூசிய பட்டையின் செங்குத்தான வீழ்ச்சியில் பெரும்பங்கு கிராஃபீனுடையது அன்று என்பது விளங்கியது.

இது ஒப்பளவு சார்ந்த சிக்கல். படலத்தின் மின்தடை 10 மெகா ஓம், தளக் கசிவின் மின்தடையும் 10 மெகா ஓம் என்றால், மீட்டர் 5 மெகா ஓம் காட்டும். படித்த எண்ணில் பாதி தளத்துக்குச் சொந்தம். படலத்தை இன்னும் நன்றாக ஒடுக்கி அதன் மின்தடையை 10 கிலோ ஓமுக்குக் கொண்டுவந்தால், அதே கசிவு இருந்தும் மீட்டர் சுமார் 9.99 கிலோ ஓம் காட்டும். கசிவின் பங்கு ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆக்சிஜன் மிகுந்த, மின்தடை மிகுந்த கிராஃபீன் ஆக்சைடில் உணர்திறன் வியக்கத்தக்க அளவுக்கு இருக்கிறது என்று சொல்லப்படும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நீரை மிகுதியாக ஈர்க்கும் அப்படலத்தில் புரோட்டான்கள் நீர் மூலக்கூறுகளின் சங்கிலி வழியே தாவிச் செல்வது உண்மைதான்; ஆனால் அதன் பெரிய மின்தடைக்கு இணையாகக் கசிவு நிற்கும்போது, எது எவ்வளவு என்பதை வெற்றுப் பட்டை ஒன்றே சொல்லும்.

ஒடுக்குதலைக் கூட்டினால் கசிவின் பங்கு குறையும். ஆனால் நீரைப் பிடிக்கும் ஆக்சிஜன் தொகுதிகளும் குறைவதால் ஈரத்துக்கான பதிலும் குறையும். நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இடம் தளத்துக்குத் தளம் வேறு.

வீக்கம்

இரண்டாவது வழி வடிதாளையும் பாலிஇமைடையும் பற்றியது. கிராஃபைட்டில் அடுக்குகளுக்கு இடையிலான தொலைவு 0.335 நானோமீட்டர், உலர்ந்த கிராஃபீன் ஆக்சைடில் அது ஏறத்தாழ 2 மடங்கு, ஈரம் புகுந்தால் 1 நானோமீட்டரையும் தாண்டும். அடுக்குகள் இப்படி விலகும்போது செதிலிலிருந்து செதிலுக்கு எலக்ட்ரான் கடப்பது கடினமாகி மின்தடை கூடும். அதே நேரத்தில் நீர் எலக்ட்ரான்களை ஈர்ப்பதால் மின்துளைகள் (எலக்ட்ரான் நீங்கியதால் நேர்மின்சுமைபோல் நகரும் வெற்றிடங்கள்) பெருகி மின்தடை குறையும். அயனிகளும் கடத்தத் தொடங்கும். ஒன்றுக்கொன்று எதிரான இவ்விளைவுகளில் எது ஓங்குகிறதோ அதன்படி பட்டை நகரும். இப்போட்டியில் தளத்தின் வீக்கம் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறது.

பாலிஇமைடு வெப்பத்தைத் தாங்குவதில் சிறந்தது. நீரை விலக்குவதில் அப்படி அன்று. நீரில் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம் வரை அது உறிஞ்சும். கடைகளில் விற்கும் மின்தேக்கி வகை ஈரப்பத உணரிகள் பலவற்றில் ஈரத்தை உணரும் பொருளே பாலிஇமைடு என்பதை நினைத்தால், அதைச் செயலற்ற தளமாகக் கருதுவது எவ்வளவு பொருந்தாது என்பது புரியும். ஒப்பு ஈரப்பதம் 1 சதவீதம் கூடினால் அதன் நீளம் பத்து இலட்சத்தில் சுமார் 20 பங்கு கூடும். 50இலிருந்து 90க்கு ஏறினால் அது 0.08 சதவீதம். சிறிய எண்தான். ஆனால் செதில்கள் தனித்தனியே விறைப்பானவை; ஷீட்டின் நீட்சி முழுவதும் அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளில் போய்ச் சேர்கிறது. அங்கே மின்கடத்தல் இடைவெளியைப் பொறுத்து மடங்கேற்றமாக மாறுவதால் சிறு விலகலும் மீட்டரில் தெரிகிறது. நீர் ஷீட்டின் கனம் முழுவதும் ஊடுருவ நேரம் எடுப்பதால்தான் அந்தப் பட்டையில் விரைவான நகர்வும் மெதுவான நகர்வும் தனித்தனியே தெரிந்தன: முன்னது படலத்தினுடையது, பின்னது ஷீட்டினுடையது.

காகிதத்தில் இந்த விளைவு இன்னும் வலிது. அறைக் காற்றில் நடுத்தர ஈரத்திலேயே காகிதம் தன் எடையில் 5 முதல் 8 சதவீதம் நீரை வைத்திருக்கிறது. செல்லுலோஸ் இழை நீளவாட்டைவிடக் குறுக்கில் அதிகமாகப் பருக்கிறது, இழையைச் சுற்றிய செதில்களின் தொடர்பு அறுகிறது, மின்தடை ஏறுகிறது. மிக உயர்ந்த ஈரத்தில் இழைகளுக்குள் நீர் தொடர்ச்சியாகிவிடும்போது அயனிக் கடத்தல் முந்திக்கொண்டு மின்தடையை இறக்குகிறது. நீரை உறிஞ்சும்போது ஒரு வளைவிலும் விடும்போது வேறொரு வளைவிலும் செல்வது செல்லுலோஸின் இயற்கை. மழை விட்ட முற்பகலில் காகிதப் பட்டை கண்ணாடிக்கு எதிராகச் சொன்னதற்குக் காரணம் இவை இரண்டும் சேர்ந்தது. கண்ணாடிக்கு எடுத்த வளைவில், மின்தடை கூடினால் ஈரம் குறைகிறது என்று பொருள். காகிதத்திலோ நடுத்தர ஈரத்தில் ஈரம் கூடும்போதே மின்தடை கூடுகிறது. பெரியவருக்கு நான் இதை இப்படியே விளக்கினேன்: பேப்பர் பொய் சொல்லவில்லை, அது சொல்வதைக் கண்ணாடியின் கணக்கில் படித்தால் தலைகீழாகத் தெரியும், அதற்கென்று தனிக் கணக்கு வேண்டும். அவர், அப்படியானால் தனிக் கணக்கு வரும்வரை பேப்பரைக் கழற்றி வையுங்கள் என்றார். கழற்றினோம்.

உப்பும் புகையும்

குளச்சல் அறையில் சில வாரங்களிலேயே கண்ணாடியின் வெற்றுப் பட்டை, பூசிய பட்டைக்கு ஏறக்குறைய இணையாகக் கடத்தத் தொடங்கியது. சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலுள்ள நீரை வாங்கித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். குளச்சல் கடற்கரையில் காற்று அந்த அளவுக்கு வறளும் வேளை அரிது. ஆகவே தளத்தின் மேல் படிந்த உப்புத் துகள் ஒருபோதும் முழுக்க உலர்வதில்லை. அங்கே பட்டை அளந்தது காற்றின் ஈரத்தை அன்று, தன்மேல் படிந்த உப்பின் ஈரத்தை.

வாலை வடிநீரில் அலசிப் பார்த்தபோது தளங்கள் மீண்டும் வேறுபட்டன. கண்ணாடியும் பாலியெஸ்டரும் தங்கள் பழைய வெற்று மதிப்புக்கு அருகில் திரும்பின. ஆனால் பாலியெஸ்டரில் பூச்சின் ஓரம் சிறிது உரிந்தது. புற ஊதா ஒளியால் உண்டாக்கிய நீர்நாட்டம் நாளடைவில் மங்கிவிடுவதால் பிடிப்பும் தளர்கிறது. பாலிஇமைடு தாமதமாகத் திரும்பியது. காகிதம் திரும்பவில்லை, இழைக்குள் போன உப்பு அலசலில் வெளியே வரவில்லை. கடலோரத்தில் காகிதத் தளத்தை ஒருமுறை பயன்படுத்திக் களையும் பொருளாகவன்றி வேறெவ்வாறும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குலசேகரத்தில் உப்பு இல்லை, புகை இருக்கிறது. ஷீட்டோடு வந்த புகைக்கரி எண்ணெய்ப் பசையாகப் பட்டைகளின் மேல் படிந்தபின், கண்ணாடியின் வெற்றுப் பட்டையில் கசிவு குறைந்தது; பூசிய பட்டைகள் எல்லாவற்றிலும் பதில் மந்தமானது. நீர்விலக்கும் ஹைட்ரோகார்பன் படிவு தளத்தின் சிலனால்களையும் படலத்தின் ஆக்சிஜன் தொகுதிகளையும் சேர்த்தே மூடிவிடுகிறது என்பதே இதற்கு நான் காணும் விளக்கம். ஒரே தளம், ஒரே படலம், குளச்சலில் ஒரு திசையிலும் குலசேகரத்தில் எதிர்த் திசையிலும் விலகின. நாகர்கோவில் ஆய்வகத்தில் எடுத்த அளவுத்திருத்த வளைவு இரண்டு இடத்துக்கும் நெடுநாள் பொருந்தாது.

இப்போதைய ஏற்பாடு

குலசேகரத்தில் பாலியெஸ்டர் பட்டையை வைத்துக்கொண்டோம். அது பதில் தருவதில் கூர்மையானது அன்று; ஆனால் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும் தளம் என்பதால் அதன் எண்ணில் படலத்தின் பங்கே மிகுதி. கூடுதலாக ஒடுக்கிய கரைசலைப் பூசி, மின்தடையைக் கிலோ ஓம் அளவுக்கு இறக்கியிருக்கிறோம். ஒவ்வொரு பட்டைக்கும் பக்கத்தில் அதன் வெற்றுப் பட்டை தொங்குகிறது. திரையில் 2 மதிப்புகளும் வருகின்றன. வெற்றுப் பட்டை தன் தொடக்க மதிப்பிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகினால் அந்த இணையைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கிட்டங்கியில் அதைக் கவனித்து அனுப்புவது அந்தப் பெரியவர்தான்.

குளச்சலில் கண்ணாடிப் பட்டையையும் அதன் வெற்றுப் பட்டையையும் நீராவியை விட்டு உப்புத் துகளைத் தடுக்கும் டெஃப்லான் சவ்வுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். சவ்வு பதிலைத் தாமதப்படுத்துகிறது. வலை அறைக்கு அந்தத் தாமதம் பொருட்டன்று.

மீதமிருக்கும் சோதனை ஒன்றைக் கண்ணாடியில் செய்ய வேண்டும். பூசுவதற்கு முன்பு அதன் சிலனால்களை நீர்விலக்கும் சிலேன் படலத்தால் மூடி, அதன் மேல் அதே கரைசலைப் பரப்ப முடியுமானால், 75க்கு மேலான அந்தச் செங்குத்து வீழ்ச்சி போகிறதா என்று பார்க்கலாம். வெற்றுப் பட்டையிலும் பூசிய பட்டையிலும் அது சேர்ந்தே மறைந்தால் முழுக் காரணமும் கண்ணாடிக் கசிவுதான். பூசிய பட்டையில் மட்டும் ஒரு பகுதி எஞ்சினால், அந்தப் பகுதியைப் படலத்தின் கணக்கில் எழுதலாம். சிலேன் பூசிய கண்ணாடியில் கரைசல் பாலியெஸ்டரில் நின்றதுபோலவே முத்து முத்தாகத் திரளும் என்பதால், துளியாக விடாமல் மெல்லிய தெளிப்பாகப் பல முறை அடித்து உலர்த்தும் முறையை மாணவர்கள் இப்போது பழகிக்கொண்டிருக்கிறார்கள்.